ஸ்டீயரிங் ஆட்டமும் சஸ்பென்ஷன் சத்தமும்: நம் அடுக்ககத்துக் கார்களுக்காக

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் என்னிடம் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் மெக்கானிக் இல்லை, பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் வவுச்சரைப் பார்க்காமல் பணம் கொடுக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. "இந்தப் பாகம் போயிடுச்சு சார், மாத்தணும்" என்று யார் சொன்னாலும், "எங்கே, கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பேன். அப்படிக் கேட்டுக் கேட்டு, பல வருடங்களில் தெரிந்துகொண்ட விஷயங்களைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எங்கள் வங்கியில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாத தொகையை அங்கே போட்டு வைப்போம். சீக்கிரம் தீர்க்காவிட்டால் ஆடிட்டர் வந்து பிடித்துக்கொள்வார். நம் காரின் சஸ்பென்ஷன் சத்தங்களையும் நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். "ஏதோ சத்தம் வருது, பார்ப்போம்" என்று ஆறு மாதம் ஓட்டுகிறோம். இங்கே ஆடிட்டர் வருவது ஈ.சி.ஆரில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது. அதுதான் என் கவலை.

ஏன் இப்போது?

நம் பகுதிச் சாலைகள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். அதில் இரண்டு பாதைகள் நம் வாசல் வழியாகவே போகின்றன. ஒன்று மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாகத் தெற்கே போவது. மற்றொன்று கலங்கரை விளக்கத்திலிருந்து மயிலாப்பூர், பனகல் பார்க் வழியாகப் பூந்தமல்லிக்குப் போவது. பணி முடிந்தால் நமக்குத்தான் நன்மை. அதுவரை லஸ் முனையிலும் எல்.பி. ரோட்டிலும் மாற்றுப்பாதை, இரும்புத் தகடு, ஒட்டுப் போட்ட தார் என்று போய்வர வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் பள்ளம் எது, தண்ணீர் எது என்றே தெரிவதில்லை.

இன்னொரு காரணம் நம் வயது. நம்மில் பலர் வருடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம். "வண்டி ஓடவே இல்லையே, என்ன தேய்ந்துவிடும்?" என்று நினைக்கிறோம். ஸ்டீயரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் ரப்பர் பாகங்கள் நிறைய. ரப்பர் கிலோமீட்டரால் மட்டுமல்ல, காலத்தாலும் சென்னை வெயிலாலும் கெடும். நின்றுகொண்டே இருக்கும் காருக்கும் வயதாகிறது.

என்னென்ன பாகங்கள்?

அம்பாசிடரும் பத்மினியும் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் ஆங்காங்கே கிரீஸ் அடிக்கும் முனைகள். தவறாமல் கிரீஸ் அடித்தால் வண்டி ஓடும். இப்போதைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் 'ஸ்ட்ரட்' அமைப்பு. கிரீஸ் உள்ளேயே அடைக்கப்பட்டு ரப்பர் உறையால் மூடப்பட்டிருக்கும். அந்த உறைக்கு 'பூட்' என்று பெயர். பூட் கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், பாகம் சீக்கிரமே தேய்ந்துவிடும். ஆக, இன்றைய காரில் முதலில் பார்க்க வேண்டியது பூட்.

ஸ்டீயரிங் சக்கரத்தை நாம் திருப்பினால், அதன் தண்டு கீழே 'ராக்' என்ற பல் வைத்த கம்பியை இடமும் வலமும் நகர்த்துகிறது. ராக்கின் இரு முனையிலும் 'டை ராட்' என்ற கம்பிகள். அவற்றின் நுனியில் இருக்கும் பந்துமூட்டுதான் 'டை ராட் எண்ட்'. அதுதான் சக்கரத்தைத் திருப்புகிறது.

சக்கரத்தைக் கீழே பிடித்திருப்பது 'லோயர் ஆர்ம்'. அதன் ஒரு முனையில் 'பால் ஜாயிண்ட்', மறுபுறம் ரப்பர் 'புஷ்'கள். மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட். வளைவில் வண்டி சாயாமல் இருக்க ஒரு குறுக்குக் கம்பி. அதை இணைக்கும் சிறு கம்பிக்கு 'லிங்க் ராட்' என்று பெயர். பட்டியல் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பெருமையும் உண்டு. 1929-ல் தொடங்கிய ரானே குழுமத்தின் தலைமை அலுவலகம் நம் கதீட்ரல் சாலையில்தான் இருக்கிறது. டை ராட், பால் ஜாயிண்ட் போன்ற ஸ்டீயரிங் பாகங்கள் செய்வது அவர்களுடைய முக்கியத் தொழில்களில் ஒன்று.

டை ராட் ஏன் முக்கியம்?

2023 ஜூலையில் மாருதி சுசூகி நிறுவனம் எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ ஆகிய இரு மாடல்களில் 87,599 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2021 ஜூலை 5-க்கும் 2023 பிப்ரவரி 15-க்கும் இடையில் தயாரானவை. ஸ்டீயரிங் டை ராடின் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம். அபூர்வமாக அது முறிந்து, வண்டி நம் கட்டுப்பாட்டுக்கு வராமல் போகலாம் என்பது காரணம். 2024 ஆகஸ்டில் அதே நிறுவனம் ஆல்டோ கே10 வண்டிகள் 2,555-ஐ ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் குறைக்காக அழைத்தது.

நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது நல்ல நடைமுறை. ஒரு கையளவு கம்பிக்காக 87 ஆயிரம் வண்டிகளை அழைக்கிறார்கள் என்றால், அந்தக் கம்பியின் முக்கியத்துவத்தை நாமும் உணர வேண்டும் அல்லவா? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட மத்திய அரசுக்கும் அதிகாரம் உண்டு. உங்கள் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வைத்து, உங்கள் வண்டி எந்த அழைப்பிலாவது வருகிறதா என்று தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்கலாம். பழைய கார் வாங்கியவர்கள் அவசியம் கேட்க வேண்டும். கடிதம் முதல் உரிமையாளர் முகவரிக்குப் போயிருக்கும்.

அறிகுறிகள்

முதலில் சத்தம். மெதுவாகப் போகும்போது சிறு மேடுபள்ளத்தில் 'டொக் டொக்' என்று வந்தால், பெரும்பாலும் லிங்க் ராட் அல்லது அதன் புஷ். பிரேக் பிடிக்கும்போதோ வண்டி கிளம்பும்போதோ ஒரே ஒரு 'டங்' என்று வந்தால், லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயிண்ட். இதை அலட்சியம் செய்யக் கூடாது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவதுபோல 'டொய்ங்' என்றால், ஸ்ட்ரட்டின் மேலே உள்ள மவுண்ட் பேரிங். வேகம் கூடக் கூட 'ஊ...' என்று ஒரு இரைச்சல் கூடி, வண்டியை ஒரு பக்கம் வளைக்கும்போது அது மாறினால், சக்கர பேரிங். முழுதாக வளைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது 'டக் டக் டக்' என்றால் அது சஸ்பென்ஷனே இல்லை. இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸில் ஜாயிண்ட்.

நம்மில் பலருக்குக் காது சற்று மந்தமாகிவிட்டது. ஏ.சி. போட்டு, கண்ணாடி ஏற்றி, கச்சேரியும் கேட்டுக்கொண்டு போனால் ஒன்றும் கேட்காது. மாதம் ஒரு முறை, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கி, நம் மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அடுத்தது கையில் தெரிவது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே அலைன்மெண்ட் செய்ய ஓடாதீர்கள். முதலில் காற்று பாருங்கள். இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய டயராக இருந்தால் மட்டும் இப்படி மாற்றக் கூடாது. இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் அலைன்மெண்ட், அல்லது ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். குறிப்பிட்ட வேகத்தில், அதாவது எழுபது எண்பதில், ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங் அல்லது வளைந்த ரிம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்.

நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக இருந்தால், ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது. நேற்றுவரை நேராக இருந்து, ஒரு பள்ளத்தில் விழுந்தபின் கோணலானால் டை ராடோ லோயர் ஆர்மோ வளைந்திருக்கலாம். ஸ்டீயரிங்கைச் சிறிது அசைத்தும் வண்டி அசையவில்லை என்றால் அதுதான் 'பிளே'. எங்கோ மூட்டு தேய்ந்திருக்கிறது.

மூன்றாவது, டயர் எழுதி வைத்திருக்கும் கணக்கு. டயர்தான் காரின் பாஸ்புக். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட் தவறு. குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங்.

அலைன்மெண்ட் தவறினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சக்கரம் அரை டிகிரி கோணல் என்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 5,000 கிலோமீட்டர் ஓடினால் 43 கிலோமீட்டருக்கு மேல். மயிலாப்பூரிலிருந்து கோவளத்தையும் தாண்டிய தூரத்துக்கு ஒரு டயரைத் தரையில் தேய்த்து இழுத்துப் போவதற்குச் சமம். சில நூறு ரூபாய் அலைன்மெண்டை மிச்சம் பிடித்துச் சில ஆயிரம் ரூபாய் டயரை இழக்கிறோம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

இதற்குப் பத்து நிமிடம் போதும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் சூடாகாதபோது காற்று பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும்.

இன்ஜினை ஓட விட்டு, கியரை நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் வண்டியானால் 'பி'யில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சில அங்குலம் மட்டும் அசைக்கட்டும். மற்றவர் முன் சக்கரத்தின் அருகே நின்று கேட்கட்டும். அசைவுக்கும் சக்கரத் திருப்பத்துக்கும் இடையில் 'டக்' என்று வந்தால் டை ராட் பக்கம் சந்தேகம்.

பானெட்டின் ஒரு மூலையை நன்றாக அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் சரி. தொட்டில்போல ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது. ஆடாவிட்டாலும், ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால் அதுவும் முடிந்த கதைதான். சக்கரத்தை முழுதாகத் திருப்பி நிறுத்தி, டார்ச் அடித்துப் பின்னால் உள்ள பூட்களைப் பாருங்கள். கிழிசலும் கிரீஸ் தெறிப்பும் தெளிவாகத் தெரியும்.

சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் டயர் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தில் 9-3 இடத்தில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் வந்தால் டை ராட். 12-6 இடத்தில் வந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இரண்டிலும் வந்தால் பேரிங் மீதுதான் முதல் சந்தேகம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே யாரும் போகக் கூடாது. நம் வாட்ச்மேனையும் கார் துடைக்கும் பையனையும் அப்படி அனுப்பாதீர்கள்.

எது இன்று, எது அடுத்த வாரம்?

உடனே நிறுத்த வேண்டியவை: ஸ்டீயரிங் ஆட்டம் திடீரென்று கூடுவது, பள்ளத்தில் விழுந்தபின் ஸ்டீயரிங் கோணலாவது, பிரேக்கில் 'டங்' சத்தத்தோடு ஸ்டீயரிங் வெட்டுவது, சக்கரம் சாய்ந்து தெரிவது, டயர் பக்கவாட்டில் புடைப்பது. இவற்றில் எது வந்தாலும் ஓட்டிக்கொண்டு போகாமல், வண்டியை மேலே ஏற்றிப் போகும் மீட்பு வாகனத்தைக் கூப்பிடுங்கள்.

அந்த வாரத்துக்குள் பார்க்க வேண்டியவை: கிழிந்த பூட், ஒரு பக்க இழுப்பு, பேரிங் இரைச்சல், ஷாக் எண்ணெய்க் கசிவு, மின் பவர் ஸ்டீயரிங்கின் எச்சரிக்கை விளக்கு. வெறும் 'டொக் டொக்' லிங்க் ராடோ புஷ்ஷின் 'கிரீச்'சோ அடுத்த சர்வீஸ் வரை பொறுக்கும். ஆனால் அது லிங்க் ராட்தான் என்று ஒரு மெக்கானிக் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பட்டறையில்

நம் நண்பர் ஒருவரிடம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஸ்டீயரிங் ராக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். வேறு இடத்தில் தூக்கிப் பார்த்தபோது இரண்டு லிங்க் ராட் மட்டும்தான் தேய்ந்திருந்தது. பெரிய தொகை என்றால் இரண்டாவது கருத்து கேளுங்கள். வண்டியைத் தூக்கி, தேய்ந்த பாகத்தை உங்கள் கண்முன் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

ஷாக்கை இடம் வலம் ஜோடியாக மாற்றுவது முறை. டை ராடோ லோயர் ஆர்மோ மாற்றினால் அலைன்மெண்டும் செய்தே ஆக வேண்டும். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும் நிலையில்தான் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுகி, சில மாதத்தில் கிழியும். "புது புஷ் போட்டேன், மறுபடி சத்தம்" என்று சொல்பவர்கள் பலருக்கு இதுதான் காரணம்.

பாகம் நீங்களே வாங்குவதாக இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்காதது இல்லை. நல்ல கம்பெனிப் பெட்டி, பில் இரண்டும் பார்த்து வாங்குங்கள். கார் உதிரிப் பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் சரிபாருங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி, விளக்கு வாங்கலாம். பழைய டை ராடும் பால் ஜாயிண்டும் வேண்டாம்.

இன்சூரன்ஸ் கணக்கு

தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது. பள்ளத்தில் விழுந்து லோயர் ஆர்ம் வளைந்தால் விபத்துச் சேதமாகக் கேட்கலாம். ரப்பர் பாகத்துக்குப் பாதிதான் கிடைக்கும். ஆனால் கேட்பதற்கு முன் போனஸ் கணக்கைப் பாருங்கள். வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீதப் போனஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளெய்ம் செய்தால் போனஸ் பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-க்கு வரும். அந்த ஐந்து வருடங்களில் நீங்கள் இழக்கும் சலுகை 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். பிரீமியம் மாறாது என்று கொண்டால் 10,000 ரூபாய். ஆக, கைக்கு வரும் தொகை அதைவிடக் குறைவு என்றால் கிளெய்ம் செய்வது நஷ்டம். போனஸ் பாதுகாப்புச் சேர்த்து எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

நாம் சேர்ந்து செய்ய வேண்டியது

கடைசியாகச் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, கேட்டருகே உள்ள வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் அதிராமல் ஏறி இறங்கலாம். நம்முடையது ஓரடி அகலத்தில் அரையடி உயரம். சிமெண்டில் செய்த சுவர் என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை மெதுவாகப் போனாலும் சஸ்பென்ஷனில் ஒரு குத்து விழுகிறது. காரை விடுங்கள், ஆம்புலன்ஸில் ஒருவரைக் கொண்டுபோகும்போது அந்தக் குத்து யாருக்கு விழுகிறது என்று யோசியுங்கள். அதை உடைத்துவிட்டு, முறையான அளவில் சாய்வாகக் கட்ட வேண்டும்.

இரண்டாவது, தரைக்குக் கீழ் பார்க்கிங்கில் தண்ணீர். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊர் பட்டது நமக்கு மறக்காது. தேங்கும் தண்ணீர் பேரிங்கிலும் பவர் ஸ்டீயரிங்கின் மின் இணைப்புகளிலும் புகுந்தால், கோளாறு சில மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். ஐப்பசிக்கு முன்பே மோட்டாரையும் வடிகாலையும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டில் பிள்ளைகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வரும் உறுப்பினர்களின் கார்கள். வந்த அன்றே விமான நிலையத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். காற்றடித்து, பூட்களைப் பார்த்து, உள்ளேயே இரண்டு சுற்று ஓட்டிவிட்டுக் கிளம்புங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். பட்டன் தேயாவிட்டாலும் வயதான டயரை மாற்றிவிடுங்கள்.

தினசரிப் பழக்கம் இரண்டு மட்டும் சொல்லி முடிக்கிறேன். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கை முறுக்காதீர்கள். சற்றே உருள விட்டுத் திருப்புங்கள். பள்ளத்தைத் தவிர்க்க முடியாவிட்டால், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விழும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். அழுத்திய பிரேக்கோடு விழுந்தால் அடி இரட்டிப்பு.

ஓட்டும்போது ஸ்டீயரிங் கட்டுப்பாடு போனால் என்ன செய்வது என்று முதல் வரிசையில் அம்மா ஒருவர் முன்பே கேட்டார். பதறாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நான்கு இண்டிகேட்டரும் போட்டு, பிரேக்கைச் சீராக அழுத்தி நிறுத்த வேண்டும். சட்டென்று மிதிக்கக் கூடாது. இந்த நிலை வராமல் இருக்கத்தான் மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காற்று பார்க்கும் மானியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு பார்க்கிங்கில் இருப்பேன். வர விரும்புபவர்கள் வண்டிச் சாவியோடு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம். வேகத்தடைத் தீர்மானத்தை இன்றே நிறைவேற்றித் தருமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.